களவு சைக்கிள் வீடு

மாப்பிள்ளை வீட்டார் என் மகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், போங்கய்யா நீங்களும் உங்கள் சம்பந்தமும் என்று விட்டிருப்பேன். "கொஞ்ச நாளு ஆறப்போட்டுப் பாப்போம்" என்றார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போனில் பேசியவர் மாப்பிள்ளையின் அப்பா. கெங்குவார்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று என் கைப் புளிக்குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அவர் என்னைத் தங்கச்சி என்றும் நான் அவரை அண்ணே என்றும் அன்றைக்கே முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்திருந்தோம்.

"என்னண்ணே, சாதகத்துல எதுவும் இடிக்குதா?" என்றேன்.

"அதெல்லாம் பொருந்தித்தான் இருக்கு தங்கச்சி. கூடலூர்ப் பக்கம் ஒரு சோலியாப் போனோம். அப்படியே உங்க அம்மா ஊருல டீக்கடையில விசாரிச்சோம். உங்க அப்பா பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியல. அப்புறம் ஒரு ஆளு, 'ஓ, களவு சைக்கிள் வீடா? மேலத்தெருக் கடைசி'ன்னு கை காட்டுனாரு." கொஞ்சம் நிறுத்தினார். "பிள்ளையக் குறை சொல்லல தங்கச்சி. எங்க பங்காளிகதான் ஒரு மாதிரிப் பேசுறாக."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அவர் மேல் இல்லை. கை காட்டிய அந்த ஆளின் மேல், ஊரின் மேல், எல்லாருக்கும் மேலாகச் செத்துப்போன என் அப்பாவின் மேல்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பதெல்லாம் ஒப்புக்குத்தான். உண்மையான விசாரணை டீக்கடையில் நடக்கும். எங்கள் ஊரிலோ வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு. ஒருவர் கிணற்றில் பன்றி விழுந்துவிட்டால் அது பேரன் காலம் வரைக்கும் பன்னிக்கிணத்து வீடுதான். பத்திரிகை வைக்க வருகிறவர்கள், தபால்காரர், கரண்டு பில் எடுக்க வருகிறவர் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள். சொல்கிறவருக்கு அதில் வஞ்சகம் கிடையாது. சுமக்கிறவருக்குத்தான் எரியும். சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒரு வாத்தியார் வருகை எடுக்கையில், "களவு சைக்கிளு மக வந்திருக்காளா?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது. மேசையிலிருந்த சாக்பீஸ் டப்பாவைத் தூக்கி சன்னல் வழியாக எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் குணம் அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கைக்குழந்தை. ஒரு கோடையில் புல் பூண்டெல்லாம் கருகிப்போனது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவளுடைய பிறந்த வீட்டார் சீராக ஓட்டிவிட்ட பசு. மலையில் கிடை போட்டிருக்கிறவர்களிடம் மேய்ச்சலுக்கு விட்டுவருகிறேன் என்று சொல்லி, அப்பா அதை லோயர் கேம்ப் வழியாக ஓட்டிக்கொண்டு குமுளி மலை ஏறினார். இரண்டொரு நாள் கழித்துப் பசு இல்லாமல் வந்தார். போகிற வழியிலேயே புலி அடித்துவிட்டது என்றார். அம்மா அழுது தீர்த்தாள். அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், போகும்போது நடந்து போனவர் வரும்போது சைக்கிளில் வந்தார். அதுவும் ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரிக் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது. ஊரே கூடிப் பார்த்தது. "ஏதுய்யா இது?" என்று கேட்டதற்கு அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கிடைச்சுச்சு." அந்தச் சமயம் பார்த்து மலையில் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவில் களவு போய்விட்டது என்று பேச்சு அடிபட்டிருக்கிறது. போதாதா? கிடைத்த சைக்கிள் களவு சைக்கிள் ஆனது. போலீஸ் வரவில்லை, யாரும் தேடி வரவில்லை, ஆனால் பெயர் நின்றுவிட்டது.

அப்பா அதை மறுத்ததே இல்லை. "வந்துட்டாருய்யா களவு சைக்கிளு" என்று யாராவது கத்தினால் பெல் அடித்துக்கொண்டே போவார். பிறகு அதில் ஒரு கேரியரை வெல்டு வைத்துப் புல்லுக்கட்டு ஏற்றினார். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கொம்புக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தை வருசா வருசம் சைக்கிளுக்கு அடித்துவிடுவார். கண்ணை மூடும் வரை கேட்டுப் பார்த்தோம். கிடைச்சுச்சு என்பதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா போனை வைத்ததும் என் வீட்டுக்காரர், "விடு. ஊருல வேற மாப்பிள்ளையா இல்ல?" என்றார். நாங்கள் இருவரும் தேனியில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறோம். சரக்கு எடுக்க அவர் அலைவார், கடையில் உட்காருவது நான். ஒரு பொருள் பிடிக்கவில்லை என்றால் வேறு பொருள் எடுத்துக் காட்டுவது அவருக்குப் பழக்கம்.

"அடுத்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மட்டும் டீக்கடைக்குப் போக மாட்டாங்களா?" என்றேன். "நாளைக்கு இவ பிள்ளைக்கும் இதே பேரச் சொல்லுவான். இந்தச் சைக்கிள் எங்க பிறந்துச்சு, எப்படி எங்க அப்பா கைக்கு வந்துச்சுன்னு பார்க்காம நான் விடப்போறதில்ல."

மறுநாள் ஊருக்குப் போனேன். அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். தேனிக்கு வா என்றால் வர மாட்டாள். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்த சைக்கிளை நான் இறக்குவதைப் பார்த்து, "செத்த மனுசன எதுக்குத்தா தோண்டுற?" என்றாள்.

"பேத்தி கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?"

"ஒருவேளை நெசமாவே களவாண்டிருந்தாகன்னா என்ன செய்வ?"

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருசமும் அவளுக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கிறது. தெரியாமலே, பக்கத்து வீட்டுக்காரி வாய் தவறி அந்தப் பெயரைச் சொன்னதற்கு உலக்கையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"களவாண்டிருந்தா களவாண்டாருன்னு அந்த அண்ணன்கிட்ட நானே சொல்லிட்டுப் போறேன். தெரியாமக் கிடக்கிறதுதான் என்னால முடியாது" என்றேன். அம்மா முந்தானையால் சீட்டிலிருந்த ஒட்டடையைத் துடைத்துவிட்டாள். சைக்கிளைக் குட்டியானை வண்டியில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுவந்தேன்.

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற இடத்தில் அதைத் தலைகீழாக நிறுத்தினேன். எந்தப் பொருளானாலும் எங்கேயாவது ஒரு முத்திரை இருக்கும், ஒரு எண் இருக்கும். பெட்டி கிழிந்து வந்த சாமானைக்கூட நான் தடவிப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன். இதில் ஒன்றுமே இல்லை. பெடல் ஒரு கம்பெனி, கிராங்க் ஒரு கம்பெனி, ரிம் அப்பா பிற்பாடு மாற்றியது. பிரேம்தான் சைக்கிள், மற்றதெல்லாம் வந்து போகிற விருந்தாளி. அந்தப் பிரேமில் பெயர் இல்லை.

படம் எடுத்து, பழைய சைக்கிள் சேர்க்கிற மதுரைக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "மேடம், இது இங்கிலாந்துச் சரக்கு மாதிரித் தெரியுது. எஸ்டேட் தொரைமாருங்க கொண்டாந்திருப்பாங்க. குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றார். எஸ்டேட் துரை என்றால் பங்களா, பங்களா என்றால் களவு. ஊர் சொன்னதுதான் சரியா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரக்கு வாங்கும் சாக்கில் திண்டுக்கல்லுக்கு நழுவிவிட்டார்.

ஆனால் எனக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. பிரேமில் குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் பித்தளை வைத்துச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். அந்த மூட்டுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். இடது பக்கத்து மூட்டும் வலது பக்கத்து மூட்டும் ஒன்றுபோல இல்லை. ஒன்று கூர்மை, ஒன்று கொஞ்சம் மொண்ணை. அரத்தால் கையால் ராவியிருக்கிறார்கள். கம்பெனிச் சரக்கு நல்லதோ கெட்டதோ, இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்கும். எத்தனை பெட்டி பிரித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இங்கிலாந்தும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, இது யாரோ ஒரு மனிதன் உட்கார்ந்து செய்தது. மதுரைக்காரருக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். "அப்படியா மேடம்" என்று வைத்துவிட்டார்.

பிறகு பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினேன். பச்சை, அதன் கீழ் நீலம், அதன் கீழ் மஞ்சள், மறுபடி பச்சை, ஒரு வருசம் என்ன நினைத்தாரோ ரோஸ். எங்கள் வீட்டு மாடுகள் கட்டிய வேடமெல்லாம் சைக்கிள் மேல் இருந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே, நெற்றி மாதிரி இருக்கிற குழாயில் மட்டும் பெயிண்ட் மற்ற இடத்தைவிடத் தடிமனாக அப்பியிருந்தது. அங்கே மட்டும் ஏன் இப்படி என்று மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் தகட்டால் நெம்பினேன். உள்ளே பித்தளையில் ஒரு வில்லை. அதில் ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்து.

நல்லவேளை, எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் டிரைவர் ஒருவர் தன் பைக்குக்குப் பிரேக் கேபிள் வாங்கக் கடைக்கு வந்தார். கம்பம்காரர். மலையேறி இறங்கியே மலையாளம் படித்துக்கொண்டவர். வில்லையைப் பார்த்து, "மேல கடைப் பேரு, அக்கா. கீழ முண்டக்கயம்னு போட்டிருக்கு" என்றார்.

"அது எங்கன இருக்கு?"

"குமுளியிலிருந்து கோட்டயம் பஸ்ஸு ஏறுனீகன்னா மலை இறங்குனதும் வரும்."

அப்பா அந்த வில்லையைத் தெரிந்தேதான் மூடியிருக்கிறார். எல்லைப் பக்கத்து ஊர் எங்களுடையது. மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். யாரும் படித்துவிடக் கூடாது என்றுதான் அங்கே மட்டும் அப்படி அப்பியிருக்கிறார். பெருமாளே, இந்த மனுசன் என்னதான் செய்துவைத்தார்? அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டேன்.

முண்டக்கயத்தில் அந்தப் பெயரில் கடை இன்னும் இருந்தது. சைக்கிள் கடை இல்லை, எங்களைப் போலவே டூவீலர் உதிரிபாகக் கடை. நாங்கள் வைத்திருக்கிற அதே பிரேக் ஷூ பெட்டிகள் அதே மாதிரி அடுக்கியிருந்தன. மகன் வியாபாரம் பார்க்க, ஓரமாக நாற்காலி போட்டு ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. என் அப்பா வைத்திருந்த சைக்கிள் என்று சொல்லி, போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டினார். பிறகு கழற்றினார். பிறகு போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"என்டெ மாதாவே! இது என்டெ வண்டியாணு. என்டெ அப்பன் உண்டாக்கிய வண்டி."

உங்கள் வண்டி என்றால் எப்படிப் போனது, யார் எடுத்தார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே, "இரிக்கு மோளே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

அவருடைய அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். மாதா கோயில் திருவிழாவுக்கு நடக்கிற சைக்கிள் பந்தயத்தில் மகன் ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கேயோ பார்த்த ரேஸ் சைக்கிளை மனதில் வைத்துக்கொண்டு குழாய் வாங்கிவந்து தானே ஒட்டியிருக்கிறார். அந்த ஒன்றுதான் செய்தார். மகனும் ஓடி ஜெயித்திருக்கிறார். பிறகு அப்பா திடீரென்று செத்துப்போனார். அடுத்தடுத்து சின்னத் தம்பி தங்கைகள், வீட்டில் பாலுக்கு வழியில்லை. அம்மா சைக்கிளை விற்றுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறாள். மலையேறிக் குமுளி வரைக்கும் வந்தும் விற்க முடியவில்லை. கேரியர் இல்லாத சைக்கிள் யாருக்கு வேண்டும்?

"சாயாக்கடையில இருந்நேன். அப்போ உங்க அச்சன் ஒரு பசுவைக் கொண்டு வந்நு. வண்டியைச் சுத்திச் சுத்தி நோக்கி. ஒண்ணு ஓட்டட்டே என்னு கேட்டாரு."

அப்பா அதில் ஏறிக் குமுளி மலையின் வளைவுகளில் கீழே போயிருக்கிறார். வெகுநேரம் ஆளைக் காணோம். போனவர் போயே விட்டார் என்று இவர் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. வந்ததும் வராததுமாக, "பசுவ வச்சுக்க, சைக்கிளக் குடு" என்றாராம்.

"ஞான் கேட்டேன் மோளே. வீட்டில கேக்க வேண்டாமோ என்னு. அதுக்கு அவர், 'எங்க வீட்டுல நாஞ் சொன்னா சொன்னதுதான்' என்னு பறஞ்ஞு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் அப்பா சொன்னது என்றைக்கு நடந்தது? பிறகு சிரிப்பு நின்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. களவு இல்லை. என் அப்பா களவாணி இல்லை. அடப்பாவி மனுசா, சீர்ப் பசுவைக் கொடுத்துவிட்டா புலி என்றீர்கள்?

பசுவைக் காணோம், சைக்கிள் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை? இப்போது யோசித்தால் விளங்குகிறது. எங்கள் ஊரில் மாட்டைக் கொடுத்து மாடு மாற்றுவார்கள், நிலம் வாங்குவார்கள், நகை எடுப்பார்கள். கறக்கிற பசுவைக் கொடுத்து, புல்லுக்கட்டுகூட வைக்க முடியாத ஒரு சைக்கிளை வாங்குகிற மனிதன் இருப்பான் என்று அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது. திருடினான் என்பதை நம்புவது அவர்களுக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

எழுந்திருக்கப் போன என்னைப் பெரியவர் கையமர்த்தினார். "தீந்நில்ல" என்றார், கதை இன்னும் முடியவில்லை என்று. ஒரு மாதம் கழித்து அப்பா அதே சைக்கிளில் முண்டக்கயம் வரைக்கும் வந்திருக்கிறார். வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் நின்றிருக்கிறார். பசு அங்கே முற்றத்தில் கட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் டம்ளரை வைத்துக்கொண்டு முண்டியடித்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கும் ஒரு காப்பி கொடுத்திருக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டுப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாராம். கயிற்றைக் கையில் எடுத்தாராம். பிறகு விட்டுவிட்டு, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாராம்.

"திரிச்சு வாங்கான் வந்நதாணென்னு எனிக்குப் பின்னெத்தான் மனசிலாயி" என்றார் பெரியவர். பசுவைத் திருப்பி வாங்கத்தான் வந்தார் என்பது இவருக்குப் பின்னால்தான் புரிந்திருக்கிறது. அப்பாவை எங்கே போய்த் தேடுவது, ஊர் தெரியாது, பேர் தெரியாது என்றார். அந்தப் பசு போட்ட கன்றுகளால்தான் தம்பி தங்கைகள் ஆளானார்கள் என்றார். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வழி நெடுக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் பாடு எனக்கு. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அதை எப்படிச் சொல்வது? சீராகப் பெண்ணோடு வந்த பசு பெண்ணுடைய சொத்து. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வழிப்போக்கனுக்குக் கொடுத்தார் என்றால் அது அவளுக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் அவமானம். களவு என்ற பேச்சாவது அப்பாவைத்தான் அடித்தது. இது அம்மாவை அடிக்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம், அப்பா ரொக்கம் கொடுத்து வாங்கினார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் அம்மாவிடம் மறைக்க மனசு வரவில்லை. நேரே ஊரில் இறங்கினேன்.

அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. நான் முடித்ததும், "எத்தன கன்னு போட்டுச்சாம்?" என்றாள்.

"நிறையப் போட்டுச்சாம்மா."

"ம்" என்றாள். உரித்த மொச்சையை அள்ளிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் கிளம்பும்போது தலையை மட்டும் ஆட்டினாள்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டு, "அண்ணே, சைக்கிள் பிறந்த ஊரக் கண்டுபிடிச்சுட்டேன். உங்க பங்காளிகளையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மாவையும் வரவழைத்திருந்தேன். பசுப் பேச்சு வேண்டாம், ரொக்கம் என்றே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சைக்கிளைக் கூடத்தில் நிறுத்தி, வில்லையைக் காட்டி, முண்டக்கயத்துப் பெரியவர் கதையைச் சொன்னேன். புல்லுக்கூட இல்லாத அந்தக் கோடையில் மலைக்குப் போன அப்பா ரொக்கம் கொடுத்து வாங்கினார் என்றேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். பங்காளிகளில் வயதானவர் ஒருவர், முழுக்க விவசாயி, கண்ணை இடுக்கிக்கொண்டு, "ஏம்மா, மாட்டுக்கே புல்லு இல்லாத கோடைன்னு சொல்ற. அப்ப சைக்கிள் வாங்க உங்கப்பா கையில ரொக்கம் ஏது?" என்றார்.

மனுசன் சரியாகப் பிடித்துவிட்டார். கடையில் எத்தனை பேரைப் பேசியே மடக்கியிருக்கிறேன், அன்றைக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். ஆண்கள் நடுவில் வந்து பேசுகிறவள் இல்லை அவள். "ரொக்கம் இல்ல. எங்க அம்மா வீட்டுல எனக்குக் குடுத்த சீர்ப் பசு. அதக் குடுத்துட்டுத்தான் இத வாங்கியாந்தாக. எங்கிட்டக் கேக்கல. புலி அடிச்சிருச்சுன்னு சொன்னாக" என்றாள்.

"சீர்ப் பசுவையா?" என்றார் அந்த வயதான பங்காளி. களவு என்று சொன்னபோதுகூட அவர் முகம் அப்படிப் போயிருக்காது.

"ஆமா. ஒரு மாசம் கழிச்சுத் திருப்பி ஓட்டியார்றதுக்கும் போயிருக்காக. அங்கன சின்னப் பிள்ளைக பால் குடிக்கிறதப் பாத்துட்டு வெறுங்கையோட வந்துட்டாக. எங்கிட்டச் சொல்லப் பயம், ஊரு சிரிக்கும்னு பயம், அதுக்குக் களவாணிப் பேரு எவ்வளவோ தேவலைன்னு இருந்துட்டாக." அம்மாவின் குரல் ஏறியது. "சிரிக்கணும்னா இங்கனயே இப்பச் சிரிச்சுக்கங்க. ஆனா இனிமே களவுன்னு ஒருத்தரும் சொல்லப்படாது. என் பசு, என் பொருளு. நான் சொல்றேன், அது களவு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துபோய்ச் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தட்டு மாத்த நாள் பாத்துச் சொல்லு தங்கச்சி" என்றார். பங்காளிகள் டம்ளரை எடுத்துக் காப்பியைக் குடித்தார்கள்.

அவர்கள் போனபிறகு நானும் அம்மாவும் பாத்திரம் கழுவ உட்கார்ந்தோம். அவள் முகம் தெளியவே இல்லை. நல்ல காரியம் கூடிவந்த நேரத்தில் இப்படி இருக்கிறாளே என்று, "இன்னும் பசுவையே நினைச்சுட்டிருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"பசு கெடக்கு, போ" என்றாள். கையிலிருந்த டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"சாகுற வரைக்கும் எம் பக்கத்துலதானத்தா படுத்துக் கெடந்தாக. அத்தன வருசமும் இத வயித்துக்குள்ளேயே வச்சுக்கிட்டு இருந்திருக்காகளே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? திட்டியிருப்பேன். நல்லாத் திட்டியிருப்பேன். திட்டிட்டுச் சோறு போடாமயா இருந்திருப்பேன்?"